மாதிரியும் காலமும்: கொடைக்கானல் பாதரச அளவீட்டின் வரலாறு

முன்னுரை

கொடைக்கானல் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மலையில் பிறக்கும் பாம்பாறு கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் சமவெளிக்கு இறங்குகிறது; அந்நீர் மதுரை நகருக்குக் குடிநீர் வழங்கும் வைகையைச் சேர்கிறது. பாம்பாற்றுச் சோலைக்கு மேலுள்ள மேட்டில் 1984-இல் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் பழைய பொருள் வணிகரிடம் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கண்டறியப்பட்டதை அடுத்து அது மூடப்பட்டது. வெளியேறிய பாதரசம் எவற்றில் அளக்கப்பட்டது, அவ்வளவீடுகள் எதற்குச் சான்றாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருவிகளின் வளர்ச்சி

பாதரசத்தை ஆவியாக்கி அளக்கும் குளிர் ஆவி அணு உறிஞ்சல் முறையை 1968-இல் ஹேட்ச், ஓட் ஆகியோர் வெளியிட்டனர். அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹௌக்கும் பிறரும் 1980-இல் ஆர்கான் பிளாஸ்மாவை நிறை நிறமாலைமானியுடன் இணைத்த முறையை அறிவித்தனர். 1983-இல் அக்கருவி விற்பனைக்கு வந்தது. உணவு, இரத்தம், சிறுநீர் ஆகியவற்றிலுள்ள பல தனிமங்களை ஒரே ஓட்டத்தில் மிக நுண்ணிய அளவிலும் அறிய அது வழிவகுத்தது. எனினும் பாதரசம் எளிதில் ஆவியாவது. ஆதலின் மாதிரியை மூடிய கலத்தில் அமிலத்தால் கரைக்க வேண்டும். பிளாஸ்மாவில் அதன் அணுக்களுள் ஒரு பகுதியே அயனியாகும். குழாய்ச் சுவரில் ஒட்டி அடுத்த மாதிரியின் அளவையும் அது பிறழச் செய்யும்.

மாதிரிகள் தரும் சான்று

கருவி எத்துணை நுண்ணியதாயினும் மாதிரியில் எஞ்சியிருப்பதையே அளக்கும். சுவாசித்த பாதரச ஆவி உடலிலிருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மாதங்களே போதும். ஆகவே, ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்படும் சிறுநீர் மாதிரி இயல்பான அளவைக் காட்டினாலும், முன்னாள் தொழிலாளர் பாதிப்புக்கு உள்ளாகவில்லை என்பதற்கு அது சான்றாகாது.

லைக்கன், பாசி, ஏரி வண்டல் ஆகியவை பாதரசத்தை நெடுங்காலம் தேக்கி வைப்பவை. ஐதராபாத்திலுள்ள, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த பொருட்பகுப்பாய்வு மைய அறிஞர்கள் கொடைக்கானல் லைக்கன், பாசிகள் பற்றி 2003-இலும் ஏரி பற்றி 2006-இலும் ஆய்வுகளை வெளியிட்டனர். ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. பேரிஜம், கும்பக்கரை நீரில் அது கணிசமாகக் குறைந்திருந்தது. இந்தியக் குடிநீர்த் தர வரம்பு லிட்டருக்கு 1000 நானோகிராம். நீரளவை மட்டும் நோக்குவோர்க்கு ஏரி வரம்பிற்கு உட்பட்டதே. ஆயின் ஏரி நீரிலும் வண்டலிலும் மீத்தைல் பாதரசமும் காணப்பட்டது. அவ்வடிவமே உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் செறிந்து மீன் வழியே மனிதரை அடைவது.

முடிவுரை

2016-இல் 591 முன்னாள் தொழிலாளருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மூடப்பட்டதற்கும் அவ்வுடன்பாட்டிற்கும் இடையே 15 ஆண்டுகள் கடந்தன. அதற்குள் உடலின் சான்று அழிந்தது. வண்டலின் சான்று நின்றது. பணிக்காலத்திலேயே எடுத்துப் பேணப்படும் மாதிரிகளே இவ்விடைவெளியை நிரப்ப வல்லவை. எனவே, ஓர் அளவீட்டை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அதன் எண்ணுடன் எந்த மாதிரி, எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.