குனோங் லெடாங்: மலாக்காவின் எல்லையில் தனித்து நிற்கும் மலை

மலாக்கா, ஜாசின் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கிழக்கே நீலமாகத் தெரிவது குனோங் லெடாங். ஜொகூரின் தங்காக் வட்டாரத்தில், மலாக்கா எல்லையை ஒட்டி நிற்கும் இம்மலையின் உயரம் 1,276 மீட்டர். ஆங்கிலேயர் இதை ஓபீர் மலை என்றனர். மலைத்தொடர் எதிலும் சேராமல், தாழ்நிலத்தின் நடுவே தனியே எழுவதால் வெகுதூரத்திலிருந்தும் தெரிகிறது.

தன்னை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம், மலாக்காவிலிருந்து மலையுச்சி வரை பொன்னாலும் வெள்ளியாலும் பாலம் கேட்ட லெடாங் இளவரசியின் கதை இம்மலைக்குரியது.

மலையேறுவோரை வியக்க வைப்பது 'பாடாங் பத்து' எனும் சரிந்த கருங்கல் பாறைவெளி. பாறை வெடிப்புகளில் இருக்கும் கொஞ்ச மண்ணில் சத்துக் குறைவு. அதனால் அங்கு வளரும் குடுவைச் செடிகள் பூச்சிகளைப் பிடித்துச் சத்தை ஈடுகட்டுகின்றன. மலாய்க்காரர்கள் இவற்றை 'பெரியோக் கெரா', அதாவது குரங்குச் சட்டி என்பர். 1854இல் மலாக்காவிலிருந்து சென்று மலையேறிய இயற்கை அறிஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் உடன் சென்றவர்களும், தண்ணீர் கிடைக்காமல் இக்குடுவை நீரைக் குடித்தே தாகம் தீர்த்தனர்.

இச்செடிகளைப் பறித்து வந்து வீட்டில் வைத்தால் நிலைப்பது அரிது, மலைக்கும் இழப்பு. உச்சிக்கு ஏற முன்அனுமதி பெற வேண்டும். அருவியில் குளிப்போர் 'கெப்பாலா ஆயர்' எனும் திடீர் வெள்ளத்திற்கு அஞ்ச வேண்டும். கீழே வெயிலடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலைதழை அடித்து வந்தாலோ பிள்ளைகளுடன் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்வதே உயிர் காக்கும்.