தோட்டத்து டாக்டர் சுவாமி ஆனார்

யோகம் என்றால் தலைகீழாக நிற்பதுதான் என்று எண்ணியிருப்பீர்கள். அந்த யோகத்தை ஊரெல்லாம் பரப்பிய ஒருவர், நம்மைப்போல் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர் என்றால் நம்புவீர்களா?

திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887-இல் பிறந்தவர் குப்புசாமி. தஞ்சாவூரில் வைத்தியம் படித்து, 1913-இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிரம்பானுக்கு அருகே தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை, பிறகு ஜொகூர். ஏழைகளுக்கு வைத்தியமும் பார்த்து, கைக்காசும் கொடுத்து அனுப்புவாராம். மருந்து உடம்பைத் தேற்றும், மனசை எது தேற்றும்? 1923-இல் வேலையை உதறினார். மறு வருஷம் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் ஆனார். அங்கேயும் மருந்துப் பெட்டியை விடவில்லை! 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் கண்டார்.

பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதுதான். ஆறாவது தாரணை, அதாவது ஓடுகிற மனசை ஓரிடத்தில் நிறுத்துவது. நம்ம திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இவற்றைப் பாடியிருக்கிறார். மூச்சு போவதையும் வருவதையும் கவனித்தபடி உட்காருங்கள். மனசு நேற்றைக்கும் நாளைக்கும் ஓடும்; திட்டாமல் கூட்டி வரணும். என் வகுப்பில் ஐந்து நிமிஷம் செய்து பார்த்தோம். முதலில் சிரித்துவிட்டவன் நான்தான்!

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. கத்தி ஆழப் பாய்ந்தால் மரத்துக்குக் காயம். வேறு நினைப்புக்கு இடமேது?

சுவாமிகள் 1963-இல் சமாதி அடைந்தார். பத்துமலையில் அவர் பெயரில் ஓர் ஆசிரமம் இருக்கிறது. அடுத்த தைப்பூசத்துக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.