உமணர் வண்டி

கூனிமேட்டைத் தாண்டி மரக்காணம் போகிற வழியில், உப்பு ஏற்றிய ஒரு லாரியைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பின்னால் அடுப்பு, சுருட்டிய பாய், தண்ணீர்க் குடம். "ராத்தங்கல் எங்கே?" என்றேன். "வண்டிதாங்க வீடு" என்றார்.

சங்க காலத்து உப்பு வணிகரான உமணருக்கும் அப்படித்தான். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியை நமக்கு முழுசாகக் காட்டுகிறார். மேலே புல்வேய்ந்த கூரை, வாயிலில் கோழிக்கூடு, தொங்கவிட்ட சிற்றுரல், முன்புறம் கயிற்றால் கட்டிய காடிப் பானை. அவ்வளவுதான் சாமான். எருதை ஓட்டுகிறவள் கைக்குழந்தைக்காரி. வேப்பந்தழை மாலை சூடிய ஆண்கள் காவலாகப் பக்கத்தில் நடக்கிறார்கள்.

இன்னொரு பொருளை ஔவையார் புறநானூற்றில் (102) சொல்லுகிறார். மேடுபள்ளத்தில் என்ன நேருமோ என்று, உமணர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைப்பார்களாம். அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அந்தச் சேம அச்சைத்தான் உவமையாக்குகிறார்.

மன்னனுக்கு மரத்துண்டா உவமை என்று படிக்கும் காலத்தில் நான் சிரித்ததுண்டு. வழியில் அச்சு முறிந்தால் உப்பு மட்டுமா போகும்? அந்தக் குழந்தைக்கு வீடே போய்விடும். ஔவைக்கு அது தெரிந்திருக்கிறது.

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஸ்டெப்னி இருந்தது.