வறட்டு இருமலும் ஒரு வேரும்

வறட்டு இருமல் என்று நாட்டு மருந்துக் கடையில் சொன்னால், பெரும்பாலும் முதலில் எடுத்துத் தருவது அதிமதுரம்தான். பழுப்புத் தோலும் உள்ளே மஞ்சள் நாருமாக ஒரு வேர்த்துண்டு. கடித்தவுடன் வெறும் மரச்சுவை; மெல்ல மெல்ல இனிப்பு ஊறி, சக்கையைத் துப்பிய பிறகும் நாக்கில் நிற்கும். பாட்டி வைத்தியம் என்று நாம் சொந்தம் கொண்டாடும் இந்த வேர் தமிழ் மண்ணில் இயல்பாக விளைவதல்ல. ஈரான், ஆப்கானிஸ்தான், நடு ஆசியா போன்ற வறண்ட நிலங்களில் தோண்டியெடுக்கப்பட்டு, வணிகர் கைமாறி நம் அடுப்படிக்கு வந்த சரக்கு அது. இவ்வளவு தொலைவையும் காலத்தையும் அது தாண்டியதற்கு எந்த வைத்திய நூலின் பெருமையும் காரணமல்ல, இருமியவர்கள் கண்ட சுகமே காரணம் என்பது என் வாதம்.

அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃப்ராஸ்டஸ், இன்றைக்குச் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் செடிகளைப் பற்றி எழுதிய நூலில், அசோவ் கடலோரத்தில் கிடைக்கும் ஓர் இனிப்பு வேரைக் குறிப்பிடுகிறார். இரைப்புக்கும் வறட்டு இருமலுக்கும் அது நல்லது என்கிறார். வாயில் அடக்கிக்கொண்டால் தாகம் தணியும் என்றும் சொல்கிறார். ஸ்கித்தியர் என்ற நாடோடி மக்கள் இதைப் பயன்படுத்தியதையும் குறிப்பிடுகிறார். ஏட்டு மருத்துவம் கண்டுபிடித்து மக்களுக்குக் கொடுத்ததல்ல. மக்களிடமிருந்து ஏட்டுக்குப் போனது. பிறகு கிரேக்கர் அதை நான்கு உடல்நீர்க் கணக்கில் சேர்த்தார்கள். ஆயுர்வேதமும் சித்தமும் வாத, பித்த, கபத்தில் வைத்து விளக்கின. சீன மருத்துவம் மற்ற மூலிகைகளின் கடுமையைத் தணிக்கும் துணையாக அதைக் கண்டது. விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வேர் மட்டும் எல்லார் பெட்டியிலும் இருந்தது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உள்ள பான்டிஃப்ராக்ட் ஊரில், ஆழமான மணற்பாங்கு நிலத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து இதைப் பயிரிட்டார்கள். 1760இல் ஜார்ஜ் டன்ஹில் என்ற மருந்து வணிகர் வேர்ச்சாற்றில் சர்க்கரை சேர்த்தார். மருந்து வில்லை மிட்டாயாகி, ஊரின் பெயரிலேயே இன்றும் விற்கிறது.

நெடுங்காலம் நிலைத்தது என்பதாலேயே ஒரு மருந்து பலிக்கும் என்று ஆகிவிடாது. உடம்பைக் கீறி இரத்தம் இறக்கும் வழக்கமும் நூற்றாண்டுக்கணக்கில் நீடித்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரத்தம் இறக்கியதால் குணம் கண்டதா என்று தீர்ப்புச் சொன்னவர் வைத்தியர். தொண்டைக் கரகரப்பு அடங்கியதா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுபவர் நோயாளி. அவரை ஏமாற்றிப் பல தலைமுறை வியாபாரம் செய்ய முடியாது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1898இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத்தின் மதிப்பும் பெரிய விளம்பரமும் அதற்கு இருந்தன. அடிமைப்படுத்தும் குணம் தெரியவந்து, 1913இல் நிறுவனமே தயாரிப்பை நிறுத்தியது.

அப்படியானால் வேலை செய்வது வெறும் இனிப்புதானே என்பது அடுத்த கேள்வி. பெரும்பகுதி அப்படித்தான் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. இனிப்பு உமிழ்நீரைச் சுரக்கவைக்கிறது. வழவழப்பு, எரிச்சல் கண்ட தொண்டையின்மேல் படிகிறது. 2007இல் அமெரிக்காவில் 105 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், படுக்கும் முன் கொடுத்த தேன், ஒன்றும் கொடுக்காததைவிட இரவு இருமலை நன்றாகத் தணித்தது. பனங்கற்கண்டு போட்ட பாலையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். இது அதிமதுரத்தின் மதிப்பைக் குறைப்பதில்லை. உணவே மருந்தாக நின்ற இடம் எது என்று காட்டுகிறது.

இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். 1946இல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர், வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த நோயாளிகள் சிலருக்கு முகமும் கைகால்களும் வீங்கியதைப் பதிவு செய்தார். அதிமதுரம் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்ப்பது நல்லது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் வேரையும் தேனையும் நம்பி நாள் கடத்தாதீர்கள். அது காசநோயாகவும் இருக்கலாம்; அரசு மருத்துவமனையில் அதற்கான பரிசோதனை இலவசம்.