கவனிப்பவருக்குப் பத்து நாள் ஓய்வு



நம் வேம்பாரைத் தாண்டினால் ராமநாதபுரம் மாவட்டம். அதே கடற்கரைச் சாலையில் சாயல்குடிக்கு அப்பால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

"பெற்றவர்களுக்கு அங்கே விட்டுவர எப்படித்தான் மனசு வந்ததோ?" என்று அப்போது பலரும் கேட்டார்கள். ஏர்வாடி தர்காவில் குணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் எல்லா மதத்தாரும் வந்தார்கள். அதோடு, இரவில் உறக்கமும் பகலில் வேலையும் இழந்த குடும்பத்துக்கு இரண்டே வழிதான் இருந்தது: முழுக்கத் தானே சுமப்பது, அல்லது விட்டுவிட்டுப் போவது. பத்து நாள் ஒப்படைத்து, இளைப்பாறி, திரும்ப அழைத்துவர ஓர் இடம் இல்லை.

இந்தக் குறை உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தில் பெற்றோரைப் பார்க்கத் தன் பணியை விட்ட மேரி வெப்ஸ்டர் என்ற பெண் போதகர் 1963இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவரைப் போன்ற பெண்கள் திரண்டு 1965இல் சங்கமே அமைத்தார்கள். கவனிப்பவரையும் அரசு கவனிக்க வேண்டும் என்ற குரல் அங்கே அப்படித்தான் வலுத்தது.

நம் நாட்டில் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன் 'சமர்த்' திட்டம், கவனிப்பவர் இளைப்பாறக் குறுகிய காலத் தங்கல் தருவதற்கானது. ஆனால் அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. ஏர்வாடியில் மாண்டவர்களைப் போன்ற மனநோயாளிகளும், மறதிநோய் கண்ட முதியோரும் அதில் இல்லை.

2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' படுத்த படுக்கையானவரின் வீட்டுக்கே வருகிறது. இரண்டும் பெரிய காரியங்கள்தான். ஆனால் செவிலியர் வந்து போன பின், மீதிப் பொழுது முழுவதும் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் விழித்திருக்கிறாள்.

வட்டாரத்துக்கு ஒரு குறுகிய காலத் தங்குமிடம் வேண்டுமென்று கிராம சபையில் கேட்போம். அது வரும்வரை, உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் "எப்படி இருக்காங்க?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "நான் மூணு மணி நேரம் பார்த்துக்கிறேன், நீ போய்த் தூங்கும்மா" என்று சொல்லுங்கள்.