பிகினர் கேமரா போதும்... பழைய போட்டோவை மட்டும் டெலிட் பண்ணாதீங்க!

புதுசாக ஒரு கேமரா வாங்கியாச்சு. கூடவே வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், மலிவான ஒரு ட்ரைபாட். நாலு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய் எடுத்தும், இன்ஸ்டாகிராமில் பார்க்கும் படங்கள் மாதிரி வரவில்லை. 'லென்ஸை மாத்தினாதான் சரியாகுமோ' என்று ஷாப்பிங் ஆப்பைத் திறக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். காசு செலவில்லாத இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. ஒன்று, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது. இன்னொன்று, ஏற்கெனவே எடுத்துவைத்த பழைய படங்களை மறுபடி திறந்து வேலை பார்ப்பது.

இரண்டையும் கற்றுக்கொள்ள வாகான ஊர், குமரி மாவட்டத்தின் இராஜாக்கமங்கலம்.

சூரியன் எந்தப் பக்கம் இறங்கும்?

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, முட்டத்துக்கும் மணக்குடிக்கும் நடுவில் இருக்கிறது இராஜாக்கமங்கலம் துறை. மணல், வள்ளங்கள், தென்னந்தோப்பு, பொழிமுகம் எல்லாமே நடந்துபோகும் தூரத்தில். மழை ஓய்ந்து காற்று தெளிந்த காலையில், வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகளும் தெரியும்.

இங்கே கரை ஏறக்குறைய கிழக்கு மேற்காக நீள்கிறது. கடல் தெற்கே. டிசம்பர் கடைசியில் சூரியன், நேர் மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி மறையும். அதாவது, கடலுக்குள். ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே தள்ளிப்போய், கரைப் பக்கம் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கும். ஒரே இடத்தில் நின்றாலும் மார்கழியில் ஒரு படம், ஆனியில் வேறொரு படம். எனவே, போவதற்கு முன்பு சூரியன் இறங்கும் திசையைப் போன் ஆப்பில் பார்த்துவிடுங்கள்.

கிட் லென்ஸுக்கு இந்த செட்டிங் போதும்

ட்ரைபாட்டில் வைத்து ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8, 2 செகண்ட் டைமர். கிட் லென்ஸ் எஃப் 8, எஃப் 11 பக்கத்தில்தான் நல்ல கூர்மை தரும். 'எல்லாமே ஷார்ப்பா வேணும்' என்று எஃப் 22-க்குப் போனால், ஒளி சிதறி மொத்தப் படமும் மங்கும்.

பாறையில் மோதித் தெறிக்கும் அலையை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் 1/500 செகண்ட். அலை பின்வாங்கும்போது மணலில் இழுக்கும் கோடுகள் வேண்டுமென்றால் அரை செகண்டில் ஆரம்பித்துப் பாருங்கள். வானம் வெள்ளையாக வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை 1 ஸ்டாப் குறையுங்கள். இருட்டான இடத்தைப் பிறகு ஓரளவு மீட்கலாம். முழுசாக வெளுத்த வானத்தில் மீட்க எதுவுமே இருக்காது.

கடற்கரையில் லென்ஸைக் கழற்றாதீர்கள். லென்ஸில் உப்புத்துளி பட்டால் உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காமல், லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். தூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயலால் எழும் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென ஏறி வரும். 'கள்ளக்கடல்' என்பது அதன் பெயர். 2024 மே 6 அன்று, பக்கத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் கேமரா பையிலேயே இருக்கட்டும்.

160 வருஷத்துக்கு முந்தைய எடிட்டிங்

எடுத்த படத்தை அப்புறம் சரிசெய்வது ஏமாற்று வேலையா? இந்தக் கேள்வி போட்டோகிராபி அளவுக்கே பழசு. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-ல் மதராஸ் அரசுக்காக மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றிப் படம் எடுத்தார். அந்தக்கால நெகட்டிவ் நீல ஒளியை அதிகமாக வாங்கும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாக விழும். அவர் என்ன செய்தார் தெரியுமா? சில நெகட்டிவ்களின் மேலேயே நிறம் தீட்டி மேகங்களை உருவாக்கினார்!

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ். 1941-ல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேலே நிலா எழுவதை எடுத்தார். அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் அதுதான். 1948-ல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் அழுத்தம் கூட்டினார். பிறகும் பல வருஷங்கள் அதே நெகட்டிவில் இருந்து புதுப்புது பிரின்ட் போட்டார். காலம் போகப்போக வானம் இருண்டது, நிலா எடுப்பாகத் தெரிந்தது. படம் ஒன்றுதான், கை தேறத்தேற பிரின்ட் தேறியது.

இரண்டு பேரும் படத்தை மாற்றியவர்கள்தான். ஆனால், ஆடம்ஸ் நெகட்டிவில் இருந்ததை வெளியே கொண்டுவந்தார். ட்ரைப் இல்லாததைச் சேர்த்தார். இந்த வித்தியாசம் உங்கள் எடிட்டிங்குக்கும் பொருந்தும்.

ரா ஃபைல்தான் உங்க நெகட்டிவ்

ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான். 12 பிட் ரா ஃபைலில் 4,096. 14 பிட்டில் 16,384. 'சரியா வரலை' என்று ஒதுக்கிய பழைய ரா படத்தில் இன்று அத்தனை விவரம் கிடைப்பது இதனால்தான். ஃபைல் மாறவில்லை, சாஃப்ட்வேரும் உங்கள் கண்ணும்தான் தேறியிருக்கின்றன. இன்றைய டீநாய்ஸ் வசதி, அன்றைக்கு ஐஎஸ்ஓ 3200-ல் புள்ளி புள்ளியாக விழுந்த படத்தையும் சுத்தம் செய்துவிடும்.

லைட்ரூம் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் டார்க்டேபிள், ராதெரபி; போனில் ஸ்னாப்சீட். மூன்றும் இலவசம். வரிசை இதுதான்:

1. ஒரிஜினலை தனி ஃபோல்டரில் வையுங்கள். வேலை எல்லாம் காப்பியில்.
2. தொடுவானத்தை நேராக்குங்கள். கடல் சாய்ந்தால் படமே சாய்ந்தது.
3. ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள்.
4. ஹைலைட்டைக் குறையுங்கள், ஷேடோவைக் கொஞ்சமாக ஏற்றுங்கள். நிழல் நிழலாகவே இருக்கட்டும்.
5. கடைசியில் க்ராப், ஷார்ப்னஸ்.
6. உடனே போஸ்ட் செய்யாமல் மறுநாள் பாருங்கள். பாதி ஸ்லைடரை நீங்களே குறைத்துவிடுவீர்கள்.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதா? அதையும் திருத்தலாம், லேசாக. அழுத்தி இழுத்தால் வானம் பட்டை பட்டையாக உடையும். வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால், எடுத்தவரிடம் கேட்டு ஒரிஜினலை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதியும் ஃபைலில் இருந்து போய்விடும்.

2004-க்கு முந்தைய ஆல்பம் யார் வீட்டில் இருக்கிறது?

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை பட்ட அடி பெரிது. மணக்குடியில் கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலமே அடித்துச் செல்லப்பட்டது. 2017 நவம்பர் 30 ஒகி புயல் இன்னொரு அடி. இதற்கு நடுவே தூண்டில் வளைவுகள் வந்தன, மணல் இடம் மாறியது. 2004-க்குப் பிறகு பிறந்த உங்களுக்கு, அம்மாவும் மாமாவும் விளையாடிய கரையைக் காட்ட பழைய போட்டோ மட்டும்தான் இருக்கிறது.

வீட்டு ஆல்பத்தில் அப்படி ஒரு படம் இருந்தால் இந்த வாரமே காப்பி எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ. போன் என்றால் ஃப்ளாஷ் வேண்டாம். நேர் வெயில் படாத ஜன்னலோரம் படத்தைப் படுக்கவைத்து, போனை அதற்கு இணையாகப் பிடித்து எடுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் ஆல்பத்தோடே எடுங்கள். பக்கத்தில் பாட்டி இருந்தால் எந்த இடம், எந்த வருஷம், யார் யார் என்று கேட்டு எழுதிவையுங்கள். போட்டோவில் இல்லாத தகவல் அவரிடம்தான் இருக்கிறது.

கீறல், மங்கிய நிறத்தையெல்லாம் காப்பியில் சரிசெய்யலாம். ஏஐ ஆப்பில் மட்டும் கவனம் தேவை. மங்கிய முகத்தை அது மீட்பதில்லை. ஊகித்துப் புதிதாக வரைகிறது. தாத்தாவின் முகம் தெளிவாகும். ஆனால், அது தாத்தாவாக இருக்காது. வானத்தை மாற்றினால் மழைக்காலமா வெயில்காலமா என்ற தடயம் போகும். கரையோரக் குப்பையையும் உடைந்த வள்ளத்தையும் அழித்தால், அன்றைய கரையும் சேர்ந்து அழியும். அழகுக்காக அப்படிச் செய்தால் ஃபைல் பெயரிலேயே 'மாற்றியது' என்று எழுதிவிடுங்கள்.

அடுத்து, அந்தப் பழைய படத்தோடு கடற்கரைக்குப் போங்கள். முட்டம் கலங்கரை விளக்கம், கோயில், குருசடி, பாறை என்று இன்னும் நகராத ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதே கோணத்தில் நின்று எடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதே மாதம், அதே இடம். பத்து வருஷத்தில் கரை எங்கே இருந்தது, எங்கே போனது என்று ஊரே பார்க்கும் ஆவணம் கையில் இருக்கும். அதற்கு உங்கள் கிட் லென்ஸே தாராளம். இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.