யெங்கோ கமேரோ: எந்த டீலரின் வண்டி?

1969 மாடல் ஷெவர்லே கமேரோ அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அவற்றில் 'யெங்கோ' பெயரோடு விற்றவை சுமார் 200 மட்டுமே. பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க் ஊரில் ஷெவர்லே டீலராக இருந்த டான் யெங்கோ, பந்தயக் கார் ஓட்டுநரும்கூட. கமேரோ போன்ற சிறிய கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்பது அன்றைய ஜெனரல் மோட்டார்ஸ் விதி. 1967-இல் யெங்கோ தம் பட்டறையிலேயே 427 கன அங்குல இன்ஜினை மாற்றிப் பொருத்தி விற்றார். 1969-இல், டாக்சிக்கும் போலீஸ் வண்டிக்கும் பயன்பட்ட 'கோப்போ' என்ற சிறப்பு ஆர்டர் முறையில், எண் 9561-இன் கீழ், 425 குதிரைத்திறன் கொண்ட அதே இன்ஜினைத் தொழிற்சாலையிலேயே பொருத்த வைத்தார்.

இன்று ஒரு கமேரோ உண்மையான யெங்கோவா என்று கண்டுபிடிப்பது எளிதல்ல. முன்கண்ணாடி வழியே தெரியும் சேஸிஸ் எண் 124379N என்று தொடங்கினால், எட்டு சிலிண்டர், இரண்டு கதவு, 1969 மாடல், ஒஹையோவின் நார்வுட் தொழிற்சாலை என்பது தெரியும். இன்ஜின் எவ்வளவு பெரியது, எந்த டீலருக்குப் போனது என்பவை அதில் இல்லை. யெங்கோ ஸ்டிக்கரையும் சின்னத்தையும் யாரும் வாங்கி ஒட்டலாம்.

அடுத்து இன்ஜின். பிளாக்கின் முன்பக்கம் ஒரு சிறிய தட்டையான பரப்பில் தயாரான தேதியும் குறியீடும் குத்தப்பட்டிருக்கும். MN என்றால் நான்கு கியர். MO என்றால் ஆட்டோமேட்டிக். சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களும் பிளாக்கில் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் அந்தப் பரப்பை இழைத்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகளை லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். அவை தேய்ந்திருந்தால், பழைய எண்ணை அழித்துப் புதிதாகக் குத்தியிருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் 1967 யெங்கோவுக்கு இந்தச் சோதனை உதவாது. அதன் இன்ஜினே பட்டறையில் மாற்றப்பட்டதுதான்.

எனவே தாள்தான் துணை. போன்டியாக் கார்களுக்கும், 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கும் பழைய பதிவேடுகளிலிருந்து விவர அறிக்கை வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்களுக்கு அந்த அளவு முழுமையான பதிவு கிடைப்பதில்லை. தேசிய கார்வெட் மீட்டெடுப்போர் சங்கம் கமேரோக்களுக்கும் தரும் அனுப்புகை அறிக்கை, வண்டி முதலில் எந்த டீலருக்குப் போனது என்பதைச் சொல்கிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. யெங்கோ சாதாரண கமேரோக்களையும் விற்றவர். அவர் வாங்கிய சிறப்பு வண்டிகளோ பிற ஊர் டீலர்கள் வழியாகவும் விற்றன. மிச்சிகனின் பெர்கர் போன்ற டீலர்களும் 9561 ஆர்டர் வண்டிகளை விற்றார்கள். ஆகவே கேனன்ஸ்பர்க் என்று அறிக்கையில் இருந்தால் மட்டும் அது யெங்கோ ஆகிவிடாது. வேறு டீலரின் பில் இருந்தால் அது யெங்கோ அல்ல என்றும் ஆகாது.

வாரண்டிப் புத்தகத்தோடு தரப்பட்ட சிறிய உலோகத் தகடு, முதல் விற்பனை பில், பழைய உரிமையாளர்களின் பெயர் வரிசை ஆகியவை அறிக்கையோடும் இன்ஜின் குறியீட்டோடும் ஒத்துப்போக வேண்டும். அந்தத் தகட்டுக்கும் போலி உண்டு. ஆகையால் விற்பவர் காட்டும் நகலை நம்பாமல், பணம் கொடுப்பதற்கு முன்பே சேஸிஸ் எண்ணைக் கொண்டு அறிக்கையைச் சங்கத்திடமே சரிபார்ப்பது அவசியம்.